வயிற்றுக்குள் செல்லும் வாசல்கள்

பல ஆண்டுகளுக்கு முன்பு, அறுவை மருத்துவத்தில் நான் பயிற்சி முடித்த புதிதில், கட்டட வேலை செய்யும் அம்மையார் ஒருவருக்குப் பித்தப்பையை அகற்றினேன். பை நிறையக் கற்கள். அந்நாளைய வழக்கப்படி, வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாண் நீளம் கீறி, தோலையும் கொழுப்பையும் தசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து, பையைக் கற்களோடு வெளியே எடுத்து, பின் ஒவ்வோர் அடுக்காகத் தைத்து மூடினோம். நோய் தீர்ந்தது, பத்து நாட்களில் அவர் வீடு திரும்பினார். ஈராண்டு கழித்து மறுபடி வந்தார். தைத்த இடத்தில் தசை விலகி, அந்த இடைவெளியில் குடல் பிதுங்கிக்கொண்டிருந்தது. செங்கல் சுமக்க முடியவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூட இடுப்பில் ஏற்ற முடியவில்லை. "கல்லை எடுத்துவிட்டீர்கள் ஐயா; ஆனால் சுவர் போய்விட்டதே!" என்றார்.

அவர் என்னைக் குறை கூறவில்லை. உள்ளதைத் தம் தொழிலின் சொற்களில் சொன்னார். ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. வயிற்று அறுவையின் பழைய தொல்லை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நோய் உள்ளே இருக்கிறது. அதை அடைவதற்காக, நோயில்லாத சுவரை நாம் உடைக்கிறோம். நோயாளி படும் வலியிலும், பின்னால் வரும் துன்பத்திலும் பெரும்பங்கு உள்ளே நாம் செய்த வேலையால் வருவதன்று. உள்ளே போவதற்காக நாம் வெட்டிய வழியால் வருவது.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. வீட்டுக்கு வாசல் இருக்கும்போது சுவரை இடிப்பானேன்? உடலிலும் இயற்கை அமைத்த வாசல்கள் இருக்கின்றனவே. வாய் இருக்கிறது, குதம் இருக்கிறது, பெண்களுக்குப் பிறப்புவழி இருக்கிறது. அவற்றின் வழியே கருவியைச் செலுத்தி, வயிற்றுச் சுவரில் கத்தியே படாமல், உள்ளிருக்கும் நோயுற்ற உறுப்பை எடுத்துவிட முடியாதா? இக்கேள்விக்கு விடை தேடி மருத்துவ உலகம் மேற்கொண்ட முயற்சியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். ஆங்கிலத்தில் இம்முறைக்குள்ள நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நோட்ஸ்' என்று அழைக்கிறார்கள். நாம் 'இயற்கை வழி அறுவை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் உடலின் அமைப்பைப் பற்றி ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாயில் தொடங்கிக் குதத்தில் முடியும் உணவுப்பாதை ஒரே நீண்ட குழாய். உண்ட சோறு வயிற்றுக்குள் போய்விட்டது என்கிறோம். உண்மையில் அது அந்தக் குழாயின் துளைக்குள்தான் இருக்கிறது. புல்லாங்குழலின் துளைக்குள் எறும்பு ஒன்று ஊர்ந்தால், அது மூங்கிலுக்குள்ளேயே புகுந்துவிட்டதாக நாம் சொல்வதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பித்தப்பை, கல்லீரல், குடல்வால் ஆகியவை இருக்கும் இடம் வேறு. அது வயிற்றறை. மெல்லிய சவ்வு ஒன்று அதன் உட்புறத்தைப் போர்த்தியிருக்கிறது. குழாயின் உள்ளே கோடானுகோடி கிருமிகள் உண்டு. வயிற்றறையிலோ இயல்பாகக் கிருமிகளே இல்லை.

ஆகவே, வாய் என்னும் வாசல் வழியே நுழைந்தவன் வீட்டின் நடைக்குத்தான் வந்திருக்கிறான், அறைக்கு வரவில்லை. அறைக்குள் செல்ல வேண்டுமானால் நடையின் சுவரில், அதாவது இரைப்பையின் சுவரில், ஒரு துளை போட்டே ஆக வேண்டும். வெளிச்சுவர் தப்பியது, உட்சுவர் உடைபட்டது. இயற்கை வழி அறுவையின் சிறப்பும் அபாயமும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

உடலின் வாசல்களின் வழியே உள்ளே எட்டிப் பார்க்கும் ஆவல் புதியதன்று. 1868-இல் ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர், வாளை விழுங்கி வித்தை காட்டும் ஒருவரை வரவழைத்து, அவர் தொண்டை வழியே நேரான உலோகக் குழாயை இறக்கி இரைப்பைக்குள் பார்க்க முயன்றார். குழாய் இறங்கிவிட்டது, போதிய வெளிச்சந்தான் இல்லை. 1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி ஓட் என்பவர், பிறப்புவழியின் பின்சுவரில் சிறு துளையிட்டு, கண்ணாடியால் ஒளியைத் திருப்பி, பெண்களின் வயிற்றறைக்குள் பார்த்தார். நோட்ஸ் முறையின் மூதாதை என்று இதையே சொல்ல வேண்டும். அதே ஆண்டில் ஜெர்மானியர் கியோர்க் கெல்லிங், நாயின் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்தி, சுவரில் இட்ட சிறு துளை வழியே குழாயை நுழைத்து உறுப்புகளைப் பார்த்துக் காட்டினார்.

பின்னர் 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் அமெரிக்காவில் நுண்ணிய கண்ணாடி இழைகளாலான வளையும் குழாயை உருவாக்கினார்; அதை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். வளையும் எண்டோஸ்கோப் அன்று பிறந்தது. மற்றொரு பக்கம், 1985-இல் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே, வயிற்றைப் பிளந்து திறக்காமலே குழாய்க் கருவி வழியே பித்தப்பையை அகற்றினார். அடுத்த ஆண்டு தம் நாட்டு அறுவை மருத்துவர் மாநாட்டில் அவர் அதை எடுத்துரைத்தபோது வரவேற்பு இல்லை. 1992-இல் அதே சங்கம் அவரைப் பாராட்டிச் சிறப்பித்தது. லாப்பராஸ்கோப்பி என்று இன்று ஊரெங்கும் வழங்கும் சிறுதுளை அறுவை இப்படித்தான் வேரூன்றியது. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்தி, மூன்று நான்கு சிறு துளைகள் வழியே ஒளிப்படக் கருவியையும் நீண்ட மெல்லிய கருவிகளையும் நுழைத்து வேலை செய்கிறார்கள். அந்த வாயு தீப்பற்றாது. இரத்தத்தில் விரைந்து கலந்து மூச்சுவழியே வெளியேறிவிடும். ஆதலால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சாண் வெட்டு விரல்நுனி அளவுத் துளைகளாகச் சுருங்கியது. நான் முதலில் சொன்ன அம்மையார் பிற்காலத்தில் வந்திருந்தால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு திரும்பியிருப்பார். சுவரும் பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

இவ்வளவு வசதி வந்த பிறகு, அச்சிறு துளைகளும் எதற்கு என்னும் எண்ணம் எழுந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த அந்தோணி கல்லூவும் அவருடைய குழுவினரும், பன்றிகளின் வாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, இரைப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் சென்று, கல்லீரலிலிருந்து துணுக்கு எடுத்து, திரும்பி வந்து துளையை அடைத்த செய்தியை 2004-இல் வெளியிட்டார்கள். அக்காலத்தை ஒட்டியே நம் நாட்டில், ஹைதராபாத்தில், ஜி. வி. ராவ், நாகேஸ்வர ரெட்டி என்னும் இரு மருத்துவர்கள் மனிதரிடத்திலேயே இதைச் செய்து காட்டினார்கள். தீக்காயத்தால் வயிற்றுத்தோல் முழுவதும் வடுப்பட்டிருந்த ஒருவருக்குக் குடல்வாலை எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சுவரில் கத்தி வைக்க இடமில்லை; ஆகவே வாய் வழியே சென்று எடுத்தார்கள். சுவர் வழி அடைபட்டிருந்ததால் அங்கே மாற்றுவழி உண்மையாகவே தேவைப்பட்டது. இந்த நிகழ்ச்சியைப் பின்னால் மறுபடியும் நினைவுகூர்வோம்.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துகிறார்கள். இரைப்பையைக் கிருமிநாசினி கலந்த நீரால் கழுவுகிறார்கள். சுண்டுவிரல் பருமனுள்ள வளையும் குழாயை வாய் வழியே இறக்குகிறார்கள். அக்குழாயின் நுனியில் விளக்கும் ஒளிப்படக் கருவியும் உண்டு. அதன் நீளவாட்டில் கருவிகள் செல்வதற்கான துளைகளும் உண்டு. மின்சாரத்தால் சுடும் ஊசி இரைப்பைச் சுவரில் சிறு துளையிடுகிறது. அத்துளைக்குள் சிறு பலூனை வைத்து ஊதி, அதை விரிவாக்குகிறார்கள். குழாய் வயிற்றறைக்குள் செல்கிறது. வேலை முடிந்ததும், எடுத்த உறுப்பைச் சுருக்குக் கம்பியில் மாட்டி, வந்த வழியே வாய்க்கு இழுத்து வருகிறார்கள். கடைசியாக, இரைப்பையின் துளையைக் கவ்விகளாலோ தையலாலோ அடைக்கிறார்கள்.

இதில் வலி குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்ததற்குத் தக்க காரணம் உண்டு. தோலும், வயிற்றுச் சுவரின் உட்சவ்வும் கத்தியின் முனையைக் கூர்மையாக உணர்பவை. இரைப்பையும் குடலும் அப்படி அல்ல. இழுத்தாலோ ஊதிப் பெருத்தாலோ அவை நோகும், வெட்டினால் நோகா. எண்டோஸ்கோப் பரிசோதனையில் இரைப்பையிலிருந்து துணுக்கு கிள்ளி எடுக்கும்போது நோயாளிக்கு அது தெரிவதே இல்லை.

2007-ஆம் ஆண்டில் இம்முயற்சி உலகெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பிரேசிலிலும் நியூயார்க்கிலும், ஏப்ரல் 2-ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலும், பிறப்புவழியே பெண்களின் பித்தப்பையை அகற்றினார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் ழாக் மாரெஸ்கோ தலைமையிலான குழு, 30 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, 2 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசி ஒன்றை மட்டும் வயிற்றுச் சுவரில் துணைக்குச் செலுத்தி, வேலையை முடித்தது. 2008-இல் நம் கோயம்புத்தூரிலிருந்து மருத்துவர் பழனிவேலுவும் அவர் குழுவினரும், பிறப்புவழியே குடல்வாலை எடுத்ததைப் பற்றி உலகுக்கு அறிவித்தார்கள். வாய்வழியைவிடப் பிறப்புவழியையே பலரும் நாடியதற்குக் காரணம் உண்டு. அதன் பின்சுவரைத் திறந்து மூடுவது பெண் நோய் மருத்துவர்களுக்கு நெடுங்காலப் பழக்கம். அங்கே இட்ட தையல் நேராகக் கண்ணுக்குத் தெரியும்; எளிதில் ஆறும்; சற்று நெகிழ்ந்தாலும் இரைப்பை அமிலம்போல் எதுவும் உள்ளே கசியாது. ஆயினும் ஆண்களுக்கு இவ்வழி இல்லை. இனிமேல் மகப்பேறு காண வேண்டிய இளம் பெண்களிடத்தில் இதை நாடுவதற்குத் தயக்கமும் இருந்தது.

இப்போது இடர்களுக்கு வருவோம். அவற்றை மறைத்துப் பேசினால் இந்தப் பேச்சினால் பயனில்லை.

முதலாவது, துளையை அடைப்பது. வயிற்றின் வெளிச்சுவரில் இட்ட தையல் கெட்டால் குடல் பிதுங்கும், அது துன்பம். இரைப்பையில் இட்ட அடைப்பு கெட்டால் அமிலமும் உணவும் கிருமிகளும் வயிற்றறைக்குள் கொட்டும். அது உயிருக்கே ஆபத்து. பித்தப்பை நோய்க்காக வந்தவரின் நல்ல இரைப்பையில், நாமாகவே ஒரு துளையைப் போட்டுவிட்டு, அது கசியாமல் இருக்க வேண்டுமே என்று அஞ்சிக்கொண்டிருக்க நேர்கிறது.

இரண்டாவது, கருவியின் இயல்பு. வளையும் குழாய் வளைந்து செல்வதற்கு நல்லது. அழுத்திப் பிடிப்பதற்கும் தூக்குவதற்கும் நல்லதன்று. ஈரக் கயிற்றைக் கொண்டு கதவைத் தள்ளுவதுபோல் இருக்கும். சிறுதுளை அறுவையில் இடக்கைக் கருவியும் வலக்கைக் கருவியும் வெவ்வேறு துளைகளிலிருந்து வந்து ஓரிடத்தில் கூடும். ஒன்று பிடிக்க, மற்றொன்று வெட்டும். இங்கோ இரண்டும் ஒரே குழாயின் நுனியிலிருந்து புறப்படுகின்றன. இரண்டு கைகளையும் ஒரே சட்டைக்கைக்குள் நுழைத்துக்கொண்டு பூக்கட்டுவதை எண்ணிப் பாருங்கள். மேலும் இரைப்பையிலிருந்து பித்தப்பையை நோக்க வேண்டுமானால், குழாய் தன்னைத் தானே திரும்பிப் பார்ப்பதுபோல் வளைய வேண்டும். அப்போது திரையில் மேல் கீழாகவும் இடம் வலமாகவும் தோன்றிக் கைக்குக் குழப்பம் விளைவிக்கும்.

மூன்றாவது, இடையில் இரத்தம் பெருகினால் விரைந்து நிறுத்துவது. இறுக்கிப் பிடிக்க வலுவில்லாத கருவிக்கு அது எளிதன்று.

இவற்றையெல்லாம் முன்னோடிகள் உணராமல் இல்லை. 2005-இல் அமெரிக்காவின் அறுவை மருத்துவர்களும் எண்டோஸ்கோப் வல்லுநர்களுமாகப் பதினால்வர் நியூயார்க்கில் கூடி, தீர்க்க வேண்டிய சிக்கல்களைப் பட்டியலிட்டு, அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்பாமல் மனிதரிடத்தில் இதைச் செய்யலாகாது என்றும், செய்தவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். ஜெர்மனி தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. 2010-இல் வெளிவந்த அதன் முதல் அறிக்கையில் 551 பேரின் விவரம் இருந்தது. அனைவரும் பெண்கள், அனைவருக்கும் பிறப்புவழியோடு வயிற்றுச் சுவரிலும் சிறு துளையிட்டே செய்திருந்தார்கள். வாசலை மட்டும் நம்பி எவரும் செல்லவில்லை. சுவரில் ஒரு சாளரமாவது வேண்டியிருந்தது.

அப்படியானால் இம்முயற்சி வீணா? இல்லை. தேடிப் போன பொருள் கிட்டாவிட்டாலும், போன வழியில் வேறொரு பொருள் கிட்டியது. 

துளையை எப்படி அடைப்பது என்று சிந்தித்தவர்கள், நேர்த்துளைக்குப் பதிலாகச் சாய்வழி ஒன்றைக் கண்டார்கள். பழைய கோட்டைகளில் வாயிலைக் கடந்தவன் நேரே உள்ளே ஓடிவிட முடியாது. வழி பக்கவாட்டில் திரும்பிச் சென்று வேறோர் இடத்தில் திறக்கும். அதுபோல, உணவுக்குழலின் உட்படலத்தில் ஓரிடத்தில் நுழைந்து, படலத்துக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் வெட்டிச் சென்று, தொலைவில் வேறோர் இடத்தில் தசையைத் திறக்கலாம். வெளியே வந்ததும் நுழைந்த இடத்தைக் கவ்விகளால் மூடிவிட்டால், தசையில் போட்ட திறப்பின் மேல் முழுப் படலமும் கதவுபோல் படிந்துகொள்ளும்.

இது அக்கலேஷியா என்னும் நோய்க்கு அருமருந்தாக அமைந்தது. அந்நோயில், உணவுக்குழல் இரைப்பையோடு சேருமிடத்திலுள்ள தசை தளர மறுக்கிறது. நோயாளி சோற்றுக் கவளத்தை விழுங்குவார்; அது நெஞ்சிலேயே நிற்கும். இரவில் படுத்தால் உண்டது வாய்க்கு வரும். பசி இருந்தும், எதிரே உணவு இருந்தும், உடல் இளைக்கும். இறுகிய தசையை வெட்டுவதே பரிகாரம். 2007-இல் பங்கஜ் பஸ்ரிச்சா என்பவரும் அவர் குழுவினரும் இச்சுரங்க முறையைப் பன்றிகளிடம் செய்து காட்டினார்கள். 2008-இல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே அதை மனிதருக்குச் செய்தார். 2010-இல் 17 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். 'போயம்' என்னும் பெயரால் இன்று அது பல நாடுகளில் வழங்கும் சிகிச்சை.

அதற்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 221 நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்குப் போயம் முறையையும் மறுசாராருக்குச் சிறுதுளை அறுவையையும் செய்தார்கள். ஈராண்டு கழித்து, முன்னவரில் 100-க்கு 83 பேரும் பின்னவரில் 100-க்கு ஏறக்குறைய 82 பேரும் நலமாக இருந்தார்கள். பலன் சமம். ஆனால், இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழலைப் புண்ணாக்குவது போயம் செய்தவரிடம் ஈராண்டின் முடிவில் 100-க்கு 44 பேருக்கும், மற்றவரிடம் 29 பேருக்கும் இருந்தது. தழும்பில்லை, நெஞ்செரிவு கூடுதல்.

பெண்களின் கருப்பையை அகற்றுவதிலும் இயற்கை வழி நிலைபெற்று வருகிறது. பெல்ஜியத்தில் 70 பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பிறப்புவழியே கருவிகளைச் செலுத்திச் செய்த அறுவைக்குச் சராசரி 41 நிமிடமும், வயிற்றுத் துளைகள் வழியே செய்ததற்கு 75 நிமிடமும் ஆயின. எடுக்க வேண்டிய உறுப்பே அந்த வாசலை ஒட்டி இருக்கிறது. வேறெந்த நல்ல உறுப்பையும் துளைக்க வேண்டியதில்லை. வாசலும் அறையும் அடுத்தடுத்து இருக்குமிடத்தில் இம்முறை நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் ஓரிடத்தில் பொருந்துவது எல்லாவிடத்தும் பொருந்தும் என்று எண்ணலாகாது. மலக்குடல் புற்றுநோயைக் குதத்தின் வழியே அணுகி எடுக்கும் முறையை, பார்சிலோனாவில் செய்த முதல் அறுவையைப் பற்றிய 2010-ஆம் ஆண்டு அறிக்கை மூலம் உலகம் அறிந்தது. பலர் ஆவலோடு பின்பற்றினார்கள். நார்வே நாட்டில் 2014 முதல் 2018 வரை 157 பேருக்கு அது செய்யப்பட்டது. அவர்களுள் 12 பேருக்கு எடுத்த இடத்திலேயே புற்று மீண்டும் தோன்றியது. மற்ற முறைகளில் காண்பதைவிட இது அதிகம் என்று கண்ட அந்நாட்டு மருத்துவர்கள், நாடு முழுவதும் அம்முறையை நிறுத்தி வைத்தார்கள். ஒரு முறையைத் தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். கணக்கைப் பார்த்து நிறுத்துவதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

சில காலத்துக்கு முன்பு மணமாக இருந்த பெண் ஒருத்தி, பித்தப்பைக் கல்லோடு என்னிடம் வந்தாள். "ஐயா, தழும்பே இல்லாமல் செய்கிறார்களாமே, எனக்கும் அப்படிச் செய்ய முடியாதா?" என்று கேட்டாள். தழும்பைப் பற்றிய கவலையை அற்பமென்று ஒதுக்குபவன் அல்லன் நான். அந்த உடலோடு அவள்தானே வாழ வேண்டும்? ஆகவே பொறுமையாக எடுத்துச் சொன்னேன்: "அம்மா, தழும்பு இல்லாத அறுவை உண்டு, காயம் இல்லாத அறுவை கிடையாது. வெளியே தெரியும் நான்கு சிறு வடுக்களுக்குப் பதிலாக, உள்ளே தெரியாத ஒரு காயத்தை நீ ஏற்க வேண்டும். உன் வயிற்றுத்தோல் நன்றாக இருக்கிறது. சிறு துளைகள் சில மாதங்களில் மங்கிவிடும். உனக்கு அந்த வழியே போதும்." அவள் சிறிது நேரம் சிந்தித்தாள். பிறகு சிறுதுளை அறுவைக்கே இசைந்தாள்.

ஹைதராபாத் நோயாளிக்கு வாய்வழி நல்ல வழியாயிற்று. இவளுக்குச் சுவர்வழியே நல்ல வழியாயிற்று. நோயாளியின் தேவையே வழியைத் தீர்மானிக்க வேண்டும். புதுமையின் புகழோ, விளம்பரத்தின் கவர்ச்சியோ தீர்மானிக்கலாகாது.

ஆகவே நேயர்களே, உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ ஒரு புதிய அறுவை முறையைப் பரிந்துரைத்தால், மருத்துவரிடம் தயங்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வழியாக உள்ளே செல்வீர்கள்? அந்த வழியை எப்படி அடைப்பீர்கள்? இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ள மாட்டார்.

கல்லை எடுக்க வேண்டும். சுவரும் நிற்க வேண்டும். அந்தக் கட்டடத் தொழிலாளியான அம்மையார் எனக்குச் சொன்ன பாடம் அதுவே.